வேலைக்குப் போகும் தந்தையரின் குழந்தைகள்

'வேலைக்குப் போகும் தாய்மார்' என்று ஒரு தொடர் இருக்கிறது. குழந்தை வளர்ச்சி, இளையோர், குடும்பம் ஆகியவற்றை முதுநிலைப் பாடமாகப் படித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மனையியல் துறையில் மனித மேம்பாட்டுப் பிரிவில் நான் எம்.எஸ்சி. படித்தபோது, எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய ஆய்வேடு அந்தத் தொடரைச் சுற்றித்தான் இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் ஒரு குழு, போகாத தாய்மாரின் பிள்ளைகள் இன்னொரு குழு. ஒரு வினாப்பட்டியல், கடைசியில் ஒரு டி-டெஸ்ட். பிள்ளையின் மதிப்பெண், கூச்சம், கோபம், உடல் எடை என்று எதை வேண்டுமானாலும் அளக்கலாம். அளக்கப்படுவது சார்ந்த மாறி. அதை உண்டாக்குவதாகக் கொள்ளப்படும் சார்பற்ற மாறி, தாயின் வேலை.

'வேலைக்குப் போகும் தந்தையர்' என்ற தொடரை அந்த அலமாரியில் இருந்த ஒரு தலைப்பிலும் நான் பார்த்ததில்லை. தந்தை காலையில் போய்க் குழந்தை தூங்கிய பிறகு வருகிறார். வளைகுடாவுக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார். லாரி ஏறிப் போய் வாரக்கணக்கில் வராமல் இருக்கிறார். இதனால் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் எவரும் கேட்கவில்லை. அவர் இல்லாமல் இருப்பது இயல்பு. இயல்பானதை ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? தாய் இல்லாமல் இருந்தால் மட்டும் அது கேள்வியாகிறது, மாறியாகிறது, எண்ணாகிறது.

இந்தப் படிப்பைப் பற்றி எனக்கு இருக்கும் விமர்சனம் முழுவதையும் இந்த ஒரு தொடரிலிருந்தே எடுத்துவிடலாம். குழந்தையையும் முதியவரையும் நோயாளியையும் பேணுகிற உழைப்பைப் பல்கலைக்கழகத்தின் பாடமாக்கிய துறை இது. பெண்கள் கட்டிய துறை. பெரும்பாலும் பெண்களே படிக்கும், பெண்களே கற்பிக்கும் துறை. ஆனால் அதன் பாடநூல்களில் பெண் ஒரு கருவியாக மட்டுமே வருகிறாள். குழந்தைக்கு அவளால் என்ன கிடைக்கிறது, அவளால் என்ன குறைகிறது என்பது மட்டும் கணக்கு. பேணுவதால் அவளுக்கு என்ன ஆகிறது என்பது எந்தத் தாளிலும் 5 மதிப்பெண் கேள்வியாகக்கூட வருவதில்லை.

இதைச் சொல்லிவிட்டுத் துறையைக் கைகழுவுவது எளிது. பெண்ணியர்களாகிய நாம் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்துவந்திருக்கிறோம். அதுவும் தவறு என்பதைச் சேர்த்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பின்வாசல்

மனையியலைச் 'சமையல் படிப்பு' என்று கேலி செய்பவர்கள் அதன் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் வேதியியலாளர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண், 1873-இல் பட்டம் பெற்றவர். குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆராய்ந்தவர். ஆண்களின் அறிவியல் துறைகள் பெண்களுக்கு மூடியே கிடந்த காலத்தில், 1899-இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவர் கூட்டத் தொடங்கிய மாநாடுகளிலிருந்து 'ஹோம் எகனாமிக்ஸ்' உருவானது. வீட்டைப் பற்றிய அறிவியல் என்று சொன்னால் பெண்ணை ஆய்வகத்துக்குள் விடுவார்கள். முன்வாசல் அடைத்திருந்ததால் பின்வாசலைத் திறந்தார்கள்.

இந்தியாவிலும் கதை அதுதான். டெல்லியின் லேடி இர்வின் கல்லூரி 1932-இல் தொடங்கப்பட்டபோது அதன் பின்னால் நின்றது அகில இந்தியப் பெண்கள் மாநாடு. 1950-இல் பரோடா பல்கலைக்கழகத்தில் மனையியல் புலம் உருவானபோது அங்கே துணைவேந்தராக இருந்தவர் ஹன்சா மேத்தா. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் 'ஆண்கள் எல்லோரும்' என்றும் பொருள்படக்கூடிய சொல்லை மாற்றி 'மனிதர் எல்லோரும்' என்று எழுதவைத்தவர் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதே ஹன்சா மேத்தா. தமிழ்நாட்டில் 1957-இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்தது. 1988-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

ஆக, இந்தத் துறையைக் கட்டியவர்களில் தம் காலத்தின் பெண்ணுரிமைக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் பின்வாசல் வழியே நுழைவதற்கு ஒரு விலை உண்டு. 'நாங்கள் வீட்டுக்கு எதிரானவர்கள் அல்லர், வீட்டை இன்னும் நன்றாக நடத்தக் கற்றுத் தருகிறோம்' என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. அந்த உறுதிமொழி பாடத்திட்டத்துக்குள் அப்படியே தங்கிவிட்டது.

அது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் 1969 வரை, மனையியல் மாணவிகள் தங்கிப் பயிலும் 'பயிற்சி வீடு'களுக்கு ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து கைக்குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். மாணவிகள் முறைவைத்துத் தாயாக இருந்தார்கள். இன்றைக்கு ஒருத்தி குளிப்பாட்டுவாள், அடுத்து இன்னொருத்தி பால் கொடுப்பாள். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பார்கள். குழந்தைகளுக்குப் பெயர்கூடத் துறையின் பெயரிலிருந்து வந்தது. முதல் குழந்தையை 'டிக்கி டோமிகான்' என்று அழைத்தார்கள்; 'டொமஸ்டிக் எகானமி' என்பதன் சுருக்கம் குடும்பப் பெயராகிவிட்டது. பிறகு அவர்களைத் தத்துக் கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் நமக்குக் குழந்தையை நினைத்துத்தான் மனசு பதறும். பதற வேண்டியதுதான். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தாய்மை கற்றுக்கொள்ளக்கூடியது, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளக்கூடியது, குறிப்பெடுத்து மதிப்பெண் போடக்கூடியது என்று ஒரு பல்கலைக்கழகம் 50 ஆண்டுகள் நடத்திக் காட்டியிருக்கிறது. கற்றுக்கொள்ளக்கூடியது என்றால் அது இயற்கை அல்ல, திறன். திறன் என்றால் ஆணும் கற்கலாம். கையில் கிடைத்த இந்த முடிவைத் துறை எடுத்துக்கொள்ளவே இல்லை. பயிற்சி வீட்டில் இருந்தவர்கள் பெண்கள் மட்டும்தான்.

பௌல்பியின் பாதி

முதுநிலை வகுப்பில் ஜான் பௌல்பி இல்லாத பருவம் கிடையாது. தாய்-சேய் பிணைப்பு பற்றிய கோட்பாடு அவருடையது. உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951-இல் வெளிவந்தது. எங்கள் வகுப்பில் அதன் சாரம் இரண்டே வரியில் வந்தது: தாயின் இடைவிடாத அன்பு குழந்தைக்கு இன்றியமையாதது, அது இல்லாவிட்டால் பாதிப்பு நிரந்தரம். ஆய்வேட்டின் முன்னுரையில் அந்த இரண்டு வரியை எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் வேலைக்குப் போகும் தாய்மாரைக் கொண்டுவந்து நிறுத்துவோம்.

வகுப்பில் சொல்லப்படாதவை மூன்று. முதலாவது, அந்த அறிக்கை எழுதப்பட்டது வீடற்ற குழந்தைகளைப் பற்றி. இல்லங்களில், மருத்துவமனைகளில், ஒருவரும் சொந்தம் என்று வராமல் வளர்ந்த பிள்ளைகளின் நிலையை அது பேசியது. காலை 9 மணிக்கு அலுவலகம் போய் மாலை 6 மணிக்கு வீடு திரும்பும் தாயின் பிள்ளை அதில் ஆய்வுப் பொருளே அல்ல. இரண்டாவது, பௌல்பியே தாய் அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவர் என்றுதான் எழுதினார். குழந்தைகளைப் பொருட்படுத்தும் சமூகம் அவர்களுடைய பெற்றோரையும் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்றும் வாதிட்டார். முதல் பாதி பாடநூலில் ஏறியது; சமூகத்துக்கும் அரசுக்கும் செலவு வைக்கும் இரண்டாவது பாதி ஏறவில்லை. மூன்றாவது, 1962-இல் அதே உலக சுகாதார நிறுவனம் அந்த முடிவுகளை மறுபரிசீலனை செய்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. மானிடவியலாளர் மார்கரெட் மீட் அதில் எழுதியிருக்கிறார். ஒரே தாயோடு மட்டும் கட்டிப்போடுவது மனிதகுலத்தின் பொது வழக்கம் அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு.

பிறகு பெரிய அளவில் ஆய்வுகளும் வந்தன. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த அரசு ஆய்வு ஒன்று இருக்கிறது. குழந்தை காப்பகத்தில் விடப்படுவது, அதனளவில், தாயோடு உள்ள பிணைப்பைக் கெடுப்பதில்லை என்பது அதன் ஆரம்பகால முடிவுகளில் ஒன்று. காப்பகம் தரமாக இருக்கிறதா, வீட்டில் குழந்தைக்கு எப்படி முகம் கொடுக்கிறார்கள் என்பவைதாம் பெரிய விஷயங்கள். இதைப் படித்த பிறகும் 'வேலைக்குப் போகிறாள் / போகவில்லை' என்று இரண்டு கட்டம் போட்டு டிக் அடிக்கும் வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு மாணவி தெருவில் இறங்க வேண்டியிருக்கிறது என்றால், அது அறிவியலுக்காக இல்லை, பழக்கத்துக்காக.

நம் ஊர் வீடுகளைக் கொஞ்சம் பாருங்கள். குழந்தை ஆயாவின் இடுப்பிலிருந்து அத்தையின் தோளுக்கும், அங்கிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் மடிக்கும் போகிறது. மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து அவர்களிடையே அன்பு எப்படி இயங்குகிறது என்று எழுதிய நூல் 1990-இல் வந்தது. பெற்ற பிள்ளையிடம் அன்பை வெளிக்காட்டாமல் அடக்குவதும், யார் பெற்றது என்று பாராமல் வீட்டுப் பெண்கள் எல்லோருமாய்ப் பிள்ளைகளை வளர்ப்பதும் அந்த நூலில் விரிவாக வருகின்றன. எங்கள் பாடத்திட்டத்தில் அந்த நூல் இல்லை. பால்டிமோரில் ஓர் அறைக்குள் தாயும் சேயும் அந்நியர் ஒருவரும் 20 நிமிடம் இருந்த மேரி எய்ன்ஸ்வொர்த்தின் சோதனை இருந்தது. அந்தச் சோதனை முக்கியமானதுதான். ஆனால் தமிழ் வீட்டை விளக்க அதை மட்டும் வைத்துக்கொண்டால், அத்தையும் ஆயாவும் 'அந்நியர்' நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லும்போது கூட்டுக்குடும்பத்துக்கு ஆரத்தி எடுக்கும் ஆசை எனக்கில்லை. குழந்தை கைமாறும் அந்த இடுப்புகள் எல்லாம் பெண்களின் இடுப்புகள்தாம். தாயின் சுமை பகிரப்பட்டது உண்மை. ஆண்களோடு அல்ல என்பதும் உண்மை.

சாதி இல்லாத குடும்பம்

குடும்பம் பற்றிய தாளின் முதல் அலகு வரையறை. தனிக்குடும்பம், கூட்டுக்குடும்பம், நீட்சிக்குடும்பம். அடுத்து குடும்பத்தின் பணிகள். அதற்கடுத்து ஈவ்லின் டுவால் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்த எட்டுக் கட்டங்கள்: திருமணத்தில் தொடங்கி, முதல் குழந்தை, பள்ளிப் பருவம், வளரிளம் பருவம், பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்புவது, முதுமை என்று ஒரு வட்டம். தேர்வில் நான் அந்த வட்டத்தைக் காம்பஸ் வைத்து வரைந்திருக்கிறேன். அந்த எட்டுக் கட்டத்தில் எங்கேயும் சாதி கிடையாது.

1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் சாரம் அகமணம் என்பதும், அந்த அகமணத்தைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் சிறுமி மணமும் பயன்பட்டன என்பதும் அதன் வாதம். அதாவது, யார் யாரோடு குடும்பம் நடத்தலாம் என்பதைப் பெண்ணுடலின் மீதான காவலால் தீர்மானிப்பதுதான் சாதி. இந்திய மண்ணிலிருந்து வந்த குடும்பவியல் கட்டுரை என்று ஒன்றை முதல் வாரமே கையில் கொடுக்க வேண்டும் என்றால் இதைத்தான் கொடுக்க வேண்டும். நான் அதைப் படிப்பு முடிந்து, ஒரு தோழியின் வீட்டில், பழைய மொழிபெயர்ப்பில் படித்தேன். பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலும் அப்படித்தான் கைக்கு வந்தது. 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த மாநிலம் இது. புரோகிதர் இல்லாமல், உறவும் நட்பும் சாட்சியாக, இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் அது குடும்பம் என்று சட்டம் சொன்ன மாநிலம். இங்கே குடும்பவியல் படிப்பவளுக்கு டுவாலின் எட்டுக் கட்டம் மனப்பாடம். சுயமரியாதைத் திருமணம் கூடுதல் தகவல்.

இது வெறும் பாடத்திட்டக் குறை என்று விட்டுவிட முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த அவருடைய மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். பிழைத்த கௌசல்யா, தன் பெற்றோருக்கு எதிராக நீதிமன்றத்தில் நின்றார். திருப்பூர் நீதிமன்றம் தந்தைக்கு மரண தண்டனை விதித்ததும், 2020-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததும் நாம் அறிந்தவை. ஒரு மகள் தன் குடும்பத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும் இந்த நிலைக்கு எங்கள் பாடநூலில் தலைப்பு என்ன? 'குடும்ப நெருக்கடிகள்' என்ற அலகில் மதுப்பழக்கம், விவாகரத்து, இயற்கைப் பேரிடர் ஆகியவை இருக்கின்றன. எல்லாமே குடும்பத்துக்கு வெளியிலிருந்தோ அதன் பலவீனத்திலிருந்தோ வரும் நெருக்கடிகள். குடும்பம் வலுவாக இருப்பதால் வரும் நெருக்கடிக்கு அங்கே இடமில்லை.

'இளையோர்' தாளிலும் இதே நிலைதான். வளரிளம் பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த காலமாக 1904-இல் ஸ்டான்லி ஹால் வருணித்தார் என்பதில் தொடங்குவோம். காதல், 'ஈர்ப்பு' என்ற பெயரில் ஆலோசனை கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய கோளாறாக வரும். நீதிமன்றங்களோ வேறொன்றைப் பார்க்கின்றன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தை, பெண் யாரோடு போனாளோ அந்தப் பையன் மேல் பெற்றோர்கள் ஏவுகிறார்கள். விருப்பத்தோடு உறவுகொள்ளும் வளரிளம் பருவத்தினரைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் குறிப்பிட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், பெற்றோரால் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவருடைய தோழியோடு போக விட்டபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. குடும்பம் என்றால் என்ன என்ற கேள்வி காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் உயிரோடு இருக்கிறது. அதைப் பாடமாக நடத்தும் வகுப்பறையில் மட்டும் அது ஒரு வரையறையாக முடிந்துபோகிறது.

யாருடைய நேரம்

2019-இல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டாருக்காக ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிடத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அது வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரி. அப்படிச் செய்கிறவர்களே நாலில் ஒரு பங்குதான். பெண்களில் ஐந்தில் நான்கு பங்கு.

இந்தத் துறைக்காகவே எடுத்ததுபோன்ற கணக்கெடுப்பு இது. வீட்டு மேலாண்மை என்ற தாளில் நேர மேலாண்மை என்று ஓர் அலகு உண்டு. அதில் என்ன கற்பிக்கிறார்கள்? காலை வேலைகளைப் பட்டியலிடுவது, அடுப்பையும் தொட்டியையும் அலமாரியையும் முக்கோணமாக அமைத்து நடையைக் குறைப்பது, இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்வது. அந்த 299 நிமிடத்தை 270 ஆக்கும் சாமர்த்தியத்தை அவளுக்கே கற்றுக்கொடுக்கிறார்கள். 97-ஐ 200 ஆக்குவது எப்படி என்று ஓர் அலகு இல்லை.

சட்டங்களும் இப்படித்தான் எண்ணுகின்றன. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின்படி காப்பகம் வைக்க வேண்டியிருந்தது 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில். 300 ஆண்கள் வேலை செய்தாலும் அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று அர்த்தமாக இருந்தது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 ஊழியர்கள் இருந்தால் காப்பகம் என்று ஆணையும் பெண்ணையும் சேர்த்து எண்ணினார்கள். அது ஒரு முன்னேற்றம். ஆனால் ஒன்றிய அரசு ஊழியரான தாய்க்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள். தந்தைக்கு, குழந்தை பிறக்கும்போது 15 நாள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணுக்கு மட்டும் 2018-இல் விதியைத் தளர்த்தினார்கள். மனைவி இருக்கும் வரை ஆணுக்குப் பிள்ளை வளர்க்கும் தேவையில்லை என்பது இதன் பொருள்.

பேணும் உழைப்பு வீட்டைத் தாண்டி அரசின் கைக்கு வரும்போதும் அதன் விலை ஏறுவதில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. எங்கள் ஊரில் இன்னும் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறோம். ஆறு வயது வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது, எடை பார்ப்பது, சத்துணவு தருவது, கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, முன்பருவக் கல்வி என்று எம்.எஸ்சி.யின் இரண்டு ஆண்டுப் பாடத்தையும் நடைமுறையில் செய்பவர்கள் அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும். ஒன்றிய அரசின் கணக்கில் அவர்கள் பெறுவது ஊதியம் அல்ல, மதிப்பூதியம். தமிழ்நாட்டில் போராடிச் சிறப்புக் காலமுறை ஊதியம் பெற்றார்கள். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. 47 ஆண்டுகள்.

மாணவிகளாக நாங்கள் களப்பணிக்குப் பால்வாடிக்குப் போவோம். எங்கள் பதிவேட்டில் மையத்தின் சுவர்ப்படங்கள், விளையாட்டுப் பொருட்கள், காற்றோட்டம், கழிப்பறை ஆகியவற்றுக்கெல்லாம் கட்டம் இருந்தது. பணியாளரின் ஊதியத்துக்குக் கட்டம் இல்லை. முதுநிலைப் பட்டதாரி வந்து 'செயல்பாட்டு வழிக் கல்வி' பற்றி அவருக்கு வகுப்பெடுப்பாள். 20 வருஷம் அந்தப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்த அந்த அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். பேணுவது இயற்கையாக வருவது என்ற நம்பிக்கை அங்கே சாதியோடும் வர்க்கத்தோடும் கூடிக்கொள்கிறது. ஒரு பெண்ணின் பேணும் அறிவு பட்டமாகிறது. இன்னொரு பெண்ணுடையது தொண்டாகிறது.

நாம் விட்டுவந்த வகுப்பறை

பெண்ணிய வட்டாரங்களில் நான் எம்.எஸ்சி. மனையியல் என்று சொன்னால் ஒரு சின்னப் புன்னகை வரும். 'ஊறுகாய் போடச் சொல்லித் தருவாங்களா?' என்று தோழர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1974-இல் 'சமத்துவத்தை நோக்கி' அறிக்கை வந்த பிறகு பல்கலைக்கழகங்களில் பெண்ணியல் துறைகள் வளர்ந்தன. பல வளாகங்களில் மனையியல் துறைக்கு எதிர்க் கட்டடம்தான் பெண்ணியல் துறை. இரண்டுக்கும் நடுவே தேநீர்க் கடை. ஆனால் எங்கள் பாடத்திட்டம் அவர்களுடையதைக் கண்டுகொண்டதில்லை, அவர்களும் எங்களைத் தேடி வந்ததில்லை. வன்முறை, வேலை, அரசியல் எல்லாம் அங்கே. குழந்தை, சோறு, தூக்கம் எல்லாம் இங்கே. பேணும் உழைப்பைத் தாழ்வாகப் பார்க்கும் ஆணின் பார்வையும், அதைப் படிக்கும் பெண்ணைத் தாழ்வாகப் பார்க்கும் நம்முடைய பார்வையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவள் யார் என்று நமக்குத் தெரியுமா? பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். இயற்பியல் வேண்டாம், ஆண்கள் படிக்கும் கல்லூரி வேண்டாம் என்ற வீட்டில், 'இதைப் படிச்சா நாளைக்குக் குடும்பம் நடத்த உதவும், மாப்பிள்ளை வீட்டுலயும் சொல்லிக்கலாம்' என்ற ஒரு வாதத்தால் இரண்டு வருஷம் வாங்கியவள். அந்த வாதத்தை அப்பாவிடம் பேசி ஜெயித்தது பல நேரம் எங்கள் ஆசிரியைகள். அவர்களும் பின்வாசல்காரர்கள்தாம். அந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு விடுதி அறை கிடைக்கிறது, நூலக அட்டை கிடைக்கிறது, தெருத்தெருவாகப் போய் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கிறது. அந்த உரிமையோடு அவள் கையில் நாம் கொடுத்தனுப்பும் கேள்வி எது என்பதுதான் பிரச்சினை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளராக இருந்தேன். மாணவி பனியன் கம்பெனிக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தாள். வழக்கமான தலைப்பு. அந்தப் பிள்ளைகள் மதிப்பெண்ணில் பின்தங்கவில்லை என்று முடிவு வந்திருந்தது. உடனிருந்த தேர்வாளர் அதை ஏற்கத் தயங்கினார். "அம்மா வீட்டுல இல்லாத ஏக்கம் எப்படியும் இருக்கும்ல?" என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இருக்கும் மேடம். ஆனா அந்தம்மா வேலைக்குப் போகலேன்னா அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமே போயிருக்காது. அப்பா எங்க இருந்தாருன்னு கேக்க எனக்கு ஷெட்யூல்ல இடமில்ல." ஷெட்யூல் என்று அவள் சொன்னது வினாப்பட்டியலை. அதை அவளுக்கு வகுத்துக் கொடுத்தது நாங்கள்.

எனவே கோரிக்கைகளைத் திட்டமாகச் சொல்கிறேன். வினாப்பட்டியலில் தாயின் வேலைநேரத்துக்குப் பக்கத்தில் தந்தையின் வேலைநேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். இரண்டும் மாறிகளாகக் கணக்கிடப்பட வேண்டும். அம்பேத்கரின் 1916 கட்டுரை குடும்பவியலின் முதல் அலகில் வர வேண்டும். பால்வாடிக் களப்பணிப் பதிவேட்டில் பணியாளரின் ஊதியம், வேலைநேரம், முதுகுவலி ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். அந்தப் பணியாளர் வகுப்பறைக்கு வந்து, விருந்தினராக அல்லாமல் ஆசிரியராக, ஊதியம் பெற்றுப் பாடம் எடுக்க வேண்டும். நேர மேலாண்மை அலகு 2019 கணக்கெடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். இருபாலர் கல்லூரிகளில் இந்தப் பாடங்களில் ஒன்றையாவது ஆண்களும் படித்தாக வேண்டும் என்று விதி வேண்டும். குழந்தை பிறந்தால் குளிப்பாட்டக் கற்றுக்கொள்ள அவர்களுக்கும் ஒரு பருவம் போதும்.

பெண்ணிய இயக்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். பேணும் உழைப்பைப் பற்றி நாம் கருத்தரங்கு நடத்துகிறோம், மொழிபெயர்க்கிறோம், அறிக்கை விடுகிறோம். அதையே இரண்டு ஆண்டு முழுநேரமாகப் படிக்கும் இளம்பெண்கள் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஏதோ ஒரு பெண்கள் கல்லூரியின் பின்கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஜூலையில் வகுப்பு தொடங்கும். நவம்பருக்குள் தலைப்பை முடிவுசெய்ய வேண்டும். அதற்கு முன்பு அங்கே போங்கள்.